புத்தளக் கரையும் பயன்பாட்டு வாதமும்

புத்தளம் என்னும் ஊர்ப்பெயர் 'புது அளம்' என்பதன் மரூஉ என்பர். அளமாவது உப்பு விளையும் நிலம். பெயரின் வரலாறு எவ்வாறாயினும், ஊரின் வரலாறு உப்பிலேயே தொடங்குகின்றது என்பதில் ஐயமில்லை. கற்பிட்டித் தீபகற்பத்திற்கும் பெருநிலத்திற்கும் இடையே கிடக்கும் களப்பின் நீரைப் பாத்திகளிற் பாய்ச்சினால், கச்சான் காற்று வீசும் வறண்ட மாதங்களில் வெயில் தானே எஞ்சிய தொழிலைச் செய்து முடிக்கும். இவ்வுப்பைத் தவள மாடுகளில் ஏற்றிக் கண்டி நாட்டுக்குக் கொண்டுசென்று, பாக்கும் பிற மலைநாட்டுப் பண்டங்களும் மாற்றிக்கொண்டு மீளுதல் இக்கரை வணிகரின் நெடுநாளைய வழக்கமாகும்.

இத்தகைய உப்பளக் கரையையும், இலண்டன் மாநகரிலே தோன்றிய ஓர் ஒழுக்கவியற் கொள்கையையும் ஒருங்கு வைத்து நோக்குதல் பொருந்தாக் கூட்டெனச் சிலர்க்குத் தோன்றலாம். எனினும், அக்கொள்கை ஏட்டினின்றும் இறங்கிச் சட்டமாகி, மக்கள் வாழ்விற் புகுந்த நாடுகளுள் இலங்கையும் ஒன்று. அது எதனை மாற்றிற்று, எதனை மாற்றாது விட்டது என்பவற்றைத் தலைநகரிலிருந்து நோக்குவதினும் புத்தளக் கரையிலிருந்து நோக்குதல் தெளிவு தருவதாகும்.

பயன்பாட்டு வாதத்தைத் திட்டமான முறைமையாக வகுத்தவர் ஜெரமி பெந்தம் (1748–1832) ஆவார். மிகப் பலரின் மிகப் பெரும் இன்பம் என்னும் கருத்தை அவருக்கு முன்னரே 1725இல் பிரான்சிஸ் ஹச்சிசன் வெளியிட்டிருந்தார். அதனைச் சட்டத்துக்கும் அரசியலுக்கும் உரிய அளவுகோலாக ஆக்கியதே பெந்தத்தின் தனிப்பணி. 1789இல் வெளிவந்த 'ஒழுக்கத்தினதும் சட்டமாக்கலினதும் கோட்பாடுகளுக்கு ஓர் அறிமுகம்' என்னும் நூலில் அவர் கூறுவதன் சாரம் இது: மனிதனை இயக்குவன இன்பமும் துன்பமும் என்னும் இரண்டே, ஆதலின் ஒரு செயல் நன்றா தீதா என்பதை, அது யாரால் விதிக்கப்பட்டது, எத்துணைப் பழைமையானது என்பவற்றால் அன்றி, அதனால் விளையும் இன்ப துன்பங்களாலேயே துணிதல் வேண்டும். அவ்வின்ப துன்பங்களை அளத்தற்கு ஏழு கூறுகளை அவர் வகுத்தார். செறிவு, காலநீட்சி, உறுதி, அண்மை, மேலும் இன்பம் பயக்கும் வளம், துன்பக் கலப்பின்மை, எத்தனை பேரைச் சென்றடைகின்றது என்னும் பரப்பு என்பன அவை. இறுதிக்கூறே அறவியலுக்கு உயிர்நாடி. ஏனைய ஆறும் தன்னலம் கருதுவானுக்கும் பயன்படும். பரப்பு என்பதைச் சேர்த்தவுடனே கணக்குப் பொதுக்கணக்காகி விடுகின்றது. அப்பொதுக்கணக்கில் மன்னனும் ஒருவன், மீனவனும் ஒருவன். எவனும் ஒருவனுக்கு மேற்பட்டவனாக எண்ணப்படான். குலமும் மரபும் மேலோங்கியிருந்த பதினெட்டாம் நூற்றாண்டில் இவ்விதி எத்துணைப் புரட்சியானது என்பதை இக்காலத்தார் எளிதில் உணர மாட்டார்.

இவ்வாதத்தைப் பன்றிகளுக்குரிய தத்துவம் எனப் பழித்தோரும் உளர். அவர்க்கு விடையாக ஜோன் ஸ்ருவாட் மில் 1861இல் எழுதிய கட்டுரைகள், இன்பங்களுள் அளவு வேறுபாடேயன்றித் தர வேறுபாடும் உண்டு என நிறுவ முயன்றன. அம்முயற்சி வென்றதா என்பது தனிக் கட்டுரைக்குரிய பொருள். ஈண்டு வேண்டப்படுவது பெந்தத்தின் கணக்கே. இலங்கைக்கு வந்து சேர்ந்ததும் அதுவே.

அது வந்த வழியைக் காண்போம். இலங்கை அரசாங்கத்தின் செலவு வரவை விஞ்சி நின்றமையால், ஆட்சிமுறையை ஆராய்தற்கு ஆணைக்குழுவொன்று அனுப்பப்பட்டது. 1829இல் வந்த டபிள்யூ. எம். ஜி. கோல்புறூக் என்னும் படைத்துறை அதிகாரி நிருவாகத்தையும் வருவாயையும் ஆராய்ந்தார். 1830இல் வந்து சேர்ந்த சாள்ஸ் ஹே கமரன் நீதித்துறையை ஆராய்ந்தார். கமரன் பெந்தத்தின் மாணாக்கர் குழாத்தைச் சேர்ந்தவர். பின்னாளில் மெக்கோலேயுடன் இந்தியச் சட்ட ஆணைக்குழுவிலும் பணிபுரிந்தவர். முதுமையில் இலங்கைக்கே மீண்டு 1880இல் இங்கேயே உயிர்நீத்தவர். இவ்விருவரின் அறிக்கைகளும் தொடர்புடைய பத்திரங்களும் கலாநிதி ஜி. சி. மெண்டிசால் பதிப்பிக்கப்பெற்று 1956இல் இரு தொகுதிகளாக வெளிவந்தன. அவற்றை ஊன்றிப் படிப்போர், சிக்கனம் என்னும் தேவையும் பயன் என்னும் தத்துவமும் ஒன்றோடொன்று பின்னிக் கிடத்தலைக் காண்பர். தத்துவம் எங்கே முடிகின்றது, பொக்கிஷம் எங்கே தொடங்குகின்றது என்பதைப் பிரித்தறிதல் எளிதன்று.

முதலில் நன்மையைக் கூறுதல் முறை. இராஜகாரியம் என்னும் கட்டாய ஊழிய முறை, நிலம் உடைமைக்கும் சாதி நிலைக்கும் ஏற்ப மக்களிடம் ஊதியமின்றி வேலை வாங்கும் முறையாகும். பழைய அரசர் காலத்தில் அதற்கு வழக்காறு என்னும் வரம்பாவது இருந்தது. அந்நிய அரசு அதனைத் தன் கையிற் கொண்டபோது அவ்வரம்பும் தளர்ந்தது. தெருவமைத்தல் முதலாய பணிகளுக்கு மக்கள் ஊரைவிட்டு நெடுந்தூரம் இழுத்துச் செல்லப்பட்டனர். 1832 ஏப்ரல் 12ஆம் தேதி வெளியான அரச கட்டளை இம்முறையை ஒழித்தது. கண்டிப் பகுதியின் அரச கிராமங்களும் கோயில் நிலங்களும் மாத்திரம் விலக்கப்பட்டன. பழைமை என்னும் ஒரே காரணத்தால் ஒரு வழக்கம் நிலைபெறல் ஆகாது என்னும் பெந்தத்தின் கொள்கைக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு இலங்கை வரலாற்றில் இல்லை. அக்கட்டளை பிறந்து இரு திங்கள் கழியுமுன், 1832 ஜூன் 6ஆம் தேதி, பெந்தம் காலமானார்.

கமரனின் பரிந்துரைவழி வந்த 1833ஆம் ஆண்டு நீதிப் பட்டயமும் இத்தகையதே. அதற்கு முன் ஐரோப்பியர்க்கு ஒரு மன்று, சுதேசிகளுக்கு ஒரு மன்று, கரையோரத்துக்கு ஒரு முறை, கண்டிக்கு வேறொரு முறை என நீதி சிதறிக் கிடந்தது. நாடு முழுவதற்கும் ஒரே உயர் நீதிமன்றம், அதன்கீழ் மாவட்ட நீதிமன்றங்கள், அவற்றுள் எவ்வினத்தார்க்கும் ஒரே வாயில் என்னும் ஒழுங்கு அப்பட்டயத்தால் வந்தது. ஒருவன் ஒருவனாகவே எண்ணப்படல் வேண்டும் என்னும் விதி, நீதிமன்றப் படிக்கட்டு வரையிலேனும் மெய்ம்மையாயிற்று.

ஆயினும், கணக்கிடுவோர் தொலைவில் இருப்பின் கணக்கிற் சில உருப்படிகள் விடுபடும். புத்தளத்துக்குக் கிழக்கே குளங்களை நம்பி வாழும் சிற்றூர்கள் பலவுள. குளக்கட்டைக் காப்பதும் வாய்க்காலைத் திருத்துவதும் ஊரார் கூடிச் செய்யும் வேலை. இராஜகாரியம் ஒழிந்தபோது, அதனோடு ஒட்டியிருந்த இக்கூட்டு வேலையின் கட்டுப்பாடும் நெகிழ்ந்தது. எவரையும் வற்புறுத்தற்கில்லை என்றானபின், குளங்கள் பல தூர்ந்தன. இருபத்துநான்கு ஆண்டுகள் கழிந்து, தேசாதிபதி சேர் ஹென்றி வாட் காலத்தில் 1856ஆம் ஆண்டின் நீர்ப்பாசனச் சட்டம் பழைய ஊர் வழக்கங்களுக்கு மீண்டும் சட்டவலுத் தர நேர்ந்தது. அதற்கிடையில் 1848ஆம் ஆண்டின் தெருச் சட்டம், 18 முதல் 55 வயது வரையுள்ள ஆடவர் ஆண்டுதோறும் ஆறு நாள் தெருவேலை செய்க, அன்றேல் பணம் செலுத்துக எனப் பணித்தது. ஒழிக்கப்பட்ட ஊழியம் பதினாறு ஆண்டுகளில் வேறு பெயருடன் வாயிலில் வந்து நின்றது. அவ்வாண்டுக் கிளர்ச்சி மாத்தளையிலும் குருநாகலிலும் மூண்டதற்குரிய காரணங்களுள் இவ்வரியும் ஒன்று. 1845இல் அமைக்கப்பட்ட வடமேல் மாகாணத்தில் குருநாகலும் புத்தளமும் ஒருங்கே அடங்கியிருந்தன என்பதும் நினைவுகூரத் தக்கது.

இனி உப்புக்கு வருவோம். ஆணைக்குழுவினர் அரசின் ஏகபோகங்களை வெறுத்தனர். வணிகம் தன்போக்கில் நடைபெறின் எல்லார்க்கும் நன்மை பெருகும் என்பது அவர்தம் துணிபு. அதன்படி 1833இல் கறுவா ஏகபோகம் ஒழிந்தது. அதனிடத்தில் இறாத்தலுக்கு 3 சிலிங் என்னும் கனத்த ஏற்றுமதித் தீர்வை அமர்ந்தது வேறு கதை. ஆனால் உப்பு ஏகபோகம் ஒழியவில்லை. ஒல்லாந்தரிடமிருந்து பெற்ற அவ்வுரிமையை ஆங்கில அரசு இறுகப் பற்றிக்கொண்டது.

ஒல்லாந்தர் இவ்வுப்பின் அருமையை நன்கு அறிந்திருந்தனர். 1667இல் தொடங்கி 1676இல் அவர் கட்டி முடித்த கற்பிட்டிக் கோட்டை, களப்பின் வாயிலிற் காவலாக நின்று கண்டி அரசின் கடல் வணிகத்தை அடைத்தது. கடற்கரை முழுவதையும் இழந்த கண்டி மன்னன் 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையில் ஒப்பமிட்டபோது, தன் குடிகள் உப்பெடுத்தற்குரிய உரிமையைத் தனியே குறித்துப் பெற வேண்டியிருந்தது. நாடிழந்த மன்னனும் விட முடியாத பொருள் உப்பு! உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்னும் பழமொழி அடுக்களைக்கு மட்டுமன்றி அரசியலுக்கும் பொருந்துவதாயிற்று.

ஆங்கிலேயர் 1795இல் கற்பிட்டியைக் கைப்பற்றியபின் இம்முறை மேலும் ஒழுங்குபெற்றது. புத்தளத்திலும் கற்பிட்டியிலும் உப்பு விளைவிப்போர், தம் விளைவை அரசுக்கே குறித்த விலைக்குக் கொடுத்தல் வேண்டும். அரசு அதனைக் களஞ்சியங்களிற் சேர்த்துப் பன்மடங்கு விலைக்கு விற்கும். பாத்தியின் புறத்தே தானாக விளைந்த உப்பை அனுமதியின்றி அள்ளுதலும் குற்றமாயிற்று. காலந்தவறிய மழையால் விளைவு கரைந்துபோகும் இழப்பு மாத்திரம் விளைவித்தவனுக்கே உரியதாயிருந்தது.

பயன்பாட்டு வாதத்தின் பெயரால் இதனை ஆதரிப்போர் கூறத்தக்க வாதம் வலுவற்றதன்று. உப்பு வரி ஒவ்வொருவனிடமும் சிறிதே கொள்கின்றது. எவனும் அதனால் பட்டினி கிடப்பதில்லை. கொள்வதற்காகும் செலவும் குறைவு. திரளும் பெருந்தொகையோ தெருவும் மருத்துவமனையும் நீதிமன்றமும் ஆகின்றது. துன்பத்தின் செறிவு நுண்ணிது, இன்பத்தின் பரப்பு பெரிது. ஆதலின் கணக்கு நேர்ப்பட்டது என்பர்.

ஆனால் இவ்வாதத்தைப் பெந்தத்தின் சொந்த அளவுகோலே முறித்து விடுகின்றது. செல்வம் பெருகப் பெருக, அதன் ஒவ்வோர் அலகும் தரும் இன்பம் குறைந்து செல்லும் என்பதை அவர் வற்புறுத்தியுள்ளார். ஒரு சதம் செல்வனிடத்தே அற்பம். அதுவே கூலிக்காரனிடத்தே ஒருவேளைக் கஞ்சி. உப்போ, செல்வனும் வறியனும் ஏறத்தாழ ஒரே அளவில் உண்ணும் பொருள். உடல் வருந்தி வியர்வை சிந்துவோன் ஒரு பிடி கூடுதலாகவே உண்பான். எனவே எல்லாரிடமும் ஒரே அளவாகக் கொள்ளும் வரி, எல்லாரிடமும் ஒரே அளவான துன்பத்தை விளைப்பதன்று. மிக வறியவனிடத்தே மிகுதியாக விளைப்பதாகும். தலைகளை எண்ணிய அரசு, தலைதோறும் விளையும் நோவை எண்ணாது விட்டது.

புத்தளக் கரைக்கு இதனினும் கூடிய இடர் ஒன்றுண்டு. பிறர்க்கு உப்பு உணவின் சுவைப்பொருள். மீனவனுக்கோ அது தொழிலின் மூலப்பொருள். கற்பிட்டி முதல் உடப்பு வரை வலையில் மிகுதியாக மீன் படும் நாளில், அதனைக் கருவாடாக்குவதற்கு உப்பு வேண்டும். கண்ணெதிரே பாத்தியில் வெண்மையாகக் கிடக்கும் உப்பை அரசின் விலைக்கு வாங்கவேண்டியவன், பட்ட மீனை வந்த விலைக்கே விற்றான், அன்றேல் எறிந்தான். நாற்புறமும் கடல் சூழ்ந்த இத்தீவு, இந்தியாவிலிருந்தும் மாலைதீவிலிருந்தும் உலர்மீனை இறக்குமதி செய்து உண்ணும் நிலைக்கு வந்ததற்கு உப்பின் விலையும் ஒரு காரணமெனக் கொள்ள இடமுண்டு. கொழும்பில் இட்ட கணக்கில் இவ்விழப்பு எவ்வரவிலும் எழுதப்படவில்லை. விளையாது போன கருவாட்டுக்குக் கணக்கு வைப்பார் யார்?

கடலுக்கு அப்பால், தமிழ்நாட்டு வேதாரணியத்தில் 1930 ஏப்ரலில் இராஜாஜி தொண்டர்களோடு நடந்துசென்று உப்பெடுத்ததும், அதே மாதம் காந்தியடிகள் தண்டியில் உப்பெடுத்ததும் யாவரும் அறிந்தவை. இந்தியாவில் உப்பு வரி 1947இல் நீங்கியது. இலங்கைக் கரையில் அவ்வகைப் பெருங்கிளர்ச்சி எழவில்லை. எழாமையால் நோவும் இல்லாதிருந்தது எனக் கொள்ளுதல் தவறு. முறையிடாதவனைத் துன்பமிலான் என எழுதிவிடுதல் கணக்கரின் இயல்பான வழு.

இக்கரையிலிருந்து எழுந்து கணக்கிடுவோர் அவையிற் சென்றமர்ந்த ஒருவரை ஈண்டு குறிப்பிடாது விடல் தகாது. கற்பிட்டியில் 1807இல் பிறந்த சைமன் காசிச்செட்டி, புத்தளத்தில் மணியகாரராகப் பணியாற்றியவர். ஆணைக்குழுவின் சீர்திருத்தங்கள் நடைமுறைக்கு வந்த காலத்தை அடுத்து, 1834இல், இலங்கையின் ஊர்களையும் ஆறுகளையும் மக்களையும் அகரவரிசையில் விவரிக்கும் 'சிலோன் கசற்றியர்' என்னும் நூலை வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 27. புள்ளிவிவரமே நல்லாட்சிக்கு அடிப்படை என்பது பெந்தக் குழாத்தாரின் கொள்கை. அதற்கு வேண்டும் கருவியை ஆங்கில அதிகாரி ஒருவரும் செய்யுமுன் கற்பிட்டித் தமிழர் ஒருவர் செய்தளித்தார். 1833இல் அமைக்கப்பட்ட சட்டநிரூபண சபையில் உத்தியோகபூர்வமற்ற உறுப்பினர் அறுவர். அவருள் தமிழர்க்கு ஓரிடம். குமாரசுவாமி முதலியாருக்குப் பின் 1838 முதல் 1845 வரை அவ்விடத்தில் அமர்ந்தவர் காசிச்செட்டியே. பின்னர் சிவில் சேவையிற் சேர்ந்து சிலாபத்தில் நீதிபதியாகவும் இருந்து, 1860இல் மறைந்தார். சுதேசிகளுக்கு உயர் உத்தியோகம் திறக்கப்படல் வேண்டும் எனக் கோல்புறூக் பரிந்துரைத்ததன் பயனை நேரிற் கண்டவர் அவர்.

எனினும் அவர் எழுத்துக்களை நோக்குவார்க்கு ஒன்று புலனாகும். அவர் ஊர்களை எண்ணியதோடு அமையவில்லை. புத்தளத்து முக்குவரின் வழமைகளையும், சோனகரின் பழக்கங்களையும், கத்தோலிக்க மதத்தின் வரலாற்றையும், தமிழ்ப் புலவர்களின் சரிதங்களையும் தேடித்தேடி எழுதினார். 1859இல் வெளிவந்த 'தமிழ் புளூராக்' அத்தேட்டத்தின் இறுதிக் கனி. கமரனுக்கு வெவ்வேறு வழமைகள் என்பன நீதியின் சீர்மைக்கு இடையூறு. காசிச்செட்டிக்கோ அவை பதிந்து வைக்கத்தக்க மனித வாழ்வு. அவர் பயன்பாட்டு வாதத்தை எதிர்த்து ஒரு வரியேனும் எழுதினார் எனக் கொள்ள வேண்டா. ஒருவனை ஒருவனாக எண்ணுதற்கு அவன் யார் என அறிதலும் வேண்டும் என்பதை அவர்தம் உழைப்பே காட்டிநிற்கின்றது.

இனி, பெந்தத்தின் பால் நியாயம் ஒன்று செய்யப்படல் வேண்டும். மிகப் பலரின் மிகப் பெரும் இன்பம் என்னும் தொடரில் உள்ள ஆபத்தை முதுமையில் அவரே உணர்ந்தார். 1829இல், கோல்புறூக் இலங்கைக்கு வந்த அதே ஆண்டில், அவர் எழுதிய குறிப்பொன்றில் 4001 பேர் கொண்ட ஒரு சமுதாயத்தைக் கற்பனை செய்கின்றார். 2001 பேர் பெரும்பான்மையர். 2000 பேர் சிறுபான்மையர். பெரும்பான்மையரின் இன்பம் மட்டுமே கருதப்படின், எஞ்சிய 2000 பேரையும் அடிமைகளாக்குதலும் நீதியாகி விடுமன்றோ? அவ்வாறு செய்யின் சமுதாயத்தின் மொத்த இன்பம் கூடாது, குறையவே செய்யும் எனக் காட்டி, 'மிகப் பலரின்' என்னும் சொற்களைக் கைவிடலே தக்கது என முடித்தார். ஆனால் தொடர் நாவிற் பழகிவிட்டது. திருத்தம் ஏட்டில் தங்கிற்று. ஆட்சியாளர்க்கு உவப்பானது எது என்பதைக் கூறவும் வேண்டுமோ?

இத்திருத்தம் பழங்கதையன்று. நுரைச்சோலையில் அமைந்த நிலக்கரி மின்னிலையம் 2011இல் முதற்கூறும் 2014இல் எஞ்சிய கூறுகளும் இயங்கத் தொடங்கி, 900 மெகாவாற்று ஆற்றலுடன் நாட்டின் மிகப் பெரிய மின்னிலையமாயிற்று. அதன் ஒளி தீவெங்கும் பரவுகின்றது; நிலக்கரித் தூளும் சாம்பலும் பற்றிய முறையீடு கற்பிட்டித் தீபகற்பத்துத் தோட்டக்காரரிடமும் மீனவரிடமும் இருந்தே எழுகின்றது. பரப்பு என்னும் கூற்றை மட்டும் நோக்கின் விடை எளிது. செறிவு, காலநீட்சி என்பவற்றையும் உடன்வைத்து நோக்கின், தோட்டக்காரனின் வெங்காயப் பாத்தியிலும் ஒரு கணக்கு உண்டு எனத் தோன்றும்.

அறுவாக்காட்டுச் செய்தி இதனினும் கூர்மையானது. 2017 ஏப்ரல் 14ஆம் தேதி, சித்திரைப் புத்தாண்டு நாளில், கொழும்பை அடுத்த மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தலைநகரின் குப்பையை வேறிடம் கொண்டுசெல்லல் வேண்டும் என்பதை மறுப்பார் எவருமிலர். தேர்ந்த இடமோ புத்தளத்துக்கு வடக்கே, வில்பத்துக் காட்டை அடுத்து, சீமெந்துத் தொழிற்சாலைக்குச் சுண்ணக்கல் தோண்டிய பள்ளங்கள் உள்ள அறுவாக்காடு. கொழும்பிலிருந்து ஏறத்தாழ 170 கிலோமீற்றர் புகையிரதத்தில் குப்பை கொண்டுசெல்வதாகத் திட்டம் வகுக்கப்பட்டது. 2018இன் பிற்பகுதியிலிருந்து மாதக்கணக்காகப் புத்தளத்தில் மறுப்புப் போராட்டம் நடைபெற்றது. தமிழரும் சோனகரும் சிங்களவரும், கோயில் பள்ளிவாசல் விகாரை தேவாலயம் என்னும் வேறுபாடின்றி அதிற் பங்குகொண்டனர். உப்பு வரிக்கு எழாத குரல், குப்பைக்கு எழுந்தது.

கொழும்பில் வாழ்வோர் பல இலட்சம். அறுவாக்காட்டைச் சூழ வாழ்வோர் சில ஆயிரம். 4001 பேர் பற்றிய கற்பனைக் கணக்கில் வேறுபாடு ஒரேயொரு தலையாக இருந்தது. இங்கே அது பன்மடங்கு. வேறுபாடு பெருகியதால் பெந்தத்தின் வினா வலுவிழந்ததா என்பதே ஆராயத்தக்கது. அவர் கேட்டது எத்தனை பேர் மிகுதி என்பதையன்று. குறைந்தோரின் துன்பமும் கூட்டற்கணக்கில் எழுதப்பட்டதா என்பதையே. களப்பின் நீர் ஓட்டம், நிலத்தடி நன்னீர், சேரக்குளி முதலாய கரையூர்களின் மீன்பிடி, காட்டினின்று வெளிவரும் யானைகள் ஆகிய உருப்படிகள் போராட்டக்காரர் ஏந்திய தட்டிகளில் இருந்தன. முதற் குப்பை 2019இல் அறுவாக்காட்டை அடைந்தது.